ஜிம்மியின் வலியும் பாட்டியின் கேள்வியும்

"மனுசனுக்கு மருந்து வாங்கவே காசக் காணோம். இதுல நாய்க்கு டாக்டரு ஒரு கேடா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத தோட்டம் நம் நாட்டில் இல்லை. பால்மரக் காலத்திலும் கேட்டார்கள். செம்பனைக் காலத்திலும் கேட்கிறார்கள். கேட்பவர் மீது நமக்குக் கோபம் இல்லை. நாமும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்தாம். கட்டிலுக்கடியில் ஒரு வாயில்லா ஜீவன் முனகுவதைக் கேட்டும் கேளாதது போல் பெரட்டுக்குப் புறப்பட்டுப் போன காலைப் பொழுதுகள் நமக்கும் உண்டு. சிறு வயதில் நம் வீட்டுக் கறுப்பு நாய் மூன்று இரவு அழுதது. நான்காம் நாள் யாரோ சாக்குப் பையோடு வந்தார்கள். அதற்கு என்ன நோய் என்பது இன்று வரை நமக்குத் தெரியாது. அன்று யாரும் கேட்கவில்லை.

அண்மையில் கீழ்ப் பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்திற்குப் போயிருந்தோம். வேறு காரியமாகத்தான் போனோம். ஆனால் அங்கே ஒரு வீட்டு வாசலில் கோழிக்கூண்டுக்குள் ஒரு குட்டை நாய் படுத்திருந்தது. பக்கத்தில் முக்காலி போட்டு ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். "என்ன பாட்டி, நாயக் கூண்டுல போட்டுருக்கீங்க?" என்று கேட்டோம். "அது பெரிய கதை தம்பி. மொதல்ல கோப்பி குடிங்க" என்றார். கோப்பி ஆறிப் போகும் வரை கதை கேட்டோம். தோழர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறோம்.

கட்டிலுக்கடியில் ஒரு முனகல்

பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். கணவர் காலமாகிவிட்டார். மகன் செம்பனைக் குலை வெட்டுகிறார். மருமகள் உதிரிப்பழம் பொறுக்குகிறார். பேத்தி இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள், பேரன் சின்னவன். காலையில் எல்லாரும் போன பிறகு பாட்டிக்குத் துணை ஜிம்மி ஒன்றுதான்.

ஜிம்மி தோட்டத்து நாய் அல்ல. பட்டணத்தில் ஒரு குடும்பம் அடுக்குமாடி வீட்டுக்கு மாறியபோது வளர்க்க முடியாமல் கொடுத்துவிட்டுப் போனது. நீள உடம்பு, குட்டைக் கால், தொங்கும் காது. டாஷண்ட் என்னும் இனத்தின் கலப்பு. வயது ஐந்து. பாட்டி குடிக்கும் தேநீரில் பங்கு, பிஸ்கட்டில் பங்கு, சோற்றிலும் பங்கு என்று வாங்கித் தின்று எட்டுக் கிலோவுக்கு வந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை மாலை கோழியைத் துரத்திக் கொண்டு வாசல் திண்ணையில் இருந்து குதித்தது. அப்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை கூப்பிட்டால் வரவில்லை. கட்டிலுக்கடியில் முதுகை வில் மாதிரி வளைத்துக் கொண்டு நின்றது. உடம்பெல்லாம் நடுக்கம். பேரன் தூக்கப் போனபோது 'வீல்' என்று கத்திவிட்டது. கடிக்கத் தெரியாத நாய், அன்று அவன் கையைப் பல்லால் பிடித்தது.

"வயித்தத் தொட்டா கல்லு மாதிரி இருந்துச்சி. சரிதான், வயித்து வலின்னு நெனச்சோம்" என்றார் பாட்டி.

பக்கத்து வீட்டார் வந்தார்கள். பூச்சி என்றார் ஒருவர். எலி மருந்தைத் தின்றிருக்கும் என்றார் இன்னொருவர். கண்ணேறு என்றவரும் உண்டு. எலி மருந்து என்று சொன்னவரை நாம் குறை சொல்ல மாட்டோம். செம்பனைத் தோட்டங்களில் எலிக்கு மருந்து வைப்பது வழக்கம். அவற்றில் பலவும் இரத்தத்தை உறைய விடாமல் செய்து கொல்பவை. நாய் தின்றாலும், தின்ற எலியை நாய் தின்றாலும் ஆபத்துதான். ஆனால் அந்த நஞ்சில் ஈறு வெளுத்துப் போகும், மூக்கிலோ மலத்திலோ இரத்தம் வரலாம், மூச்சு வாங்கும், நாய் துவண்டுவிடும். பெரும்பாலும் தின்ற அன்றே தெரியாது, சில நாள் கழித்தே தெரியும். ஜிம்மிக்கு அப்படி எதுவும் இல்லை.

அரை மாத்திரை செய்த வேலை

அன்று மாலை ஓர் அண்ணன் நல்ல எண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார். "குலை வெட்டி இடுப்பு புடிச்சிக்கிட்டா நான் போடுற மாத்திரை இது. அரை மாத்திரை குடு, கேட்டுரும்."

கொடுத்தார்கள். மறுநாள் காலையில் இன்னொரு அரை. திங்கட்கிழமை மத்தியானம் ஜிம்மி வாந்தி எடுத்தது. மாலையில் மகன் மோட்டார் சைக்கிளில் பேத்தியை உட்கார வைத்து, அவள் மடியில் நாயை வைத்து, பட்டணத்தில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டு போனார்.

அங்கே கூட்டம். அழுத்திப் பார்த்த வயிறு கெட்டியாக இருந்தது, வாந்தியும் எடுத்திருக்கிறது. வயிற்றுக் கோளாறு என்று இரண்டு ஊசியும் மருந்தும் கொடுத்து அனுப்பினார்கள். 110 வெள்ளி. மாத்திரை கொடுத்ததை இவர்களும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

"ஏம்மா சொல்லல?" என்று பேத்தியைக் கேட்டோம். "ஏசுவாங்கன்னு பயமா இருந்துச்சி" என்றாள்.

தோழர்களே, இங்கே நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மனிதர் போடும் வலி மாத்திரை நாய்க்கு மருந்தாகாது. ஐபுபுரோஃபென், டைக்ளோபெனாக், மெஃபனாமிக் ஆசிட் என்று நம் வீட்டு டப்பாக்களில் கிடக்கும் மாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாம் எழுபது கிலோ, அது எட்டுக் கிலோ. அளவு மட்டும் பிரச்சினை இல்லை. அந்த மருந்தைக் கழித்து வெளியேற்றும் சக்தி நாயின் உடம்பில் நம்மைப் போல் இல்லை. பாரசிட்டமாலும் அப்படித்தான். நாய்க்கு அளவு மீறினால் ஈரலைத் தாக்கும். பூனைக்கோ ஒரே மாத்திரை எமனாகிவிடும்.

இன்னொன்று. தெரியாமல் கொடுத்துவிட்டால், டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். ஏசினால் ஏசட்டும். சொல்லாமல் விட்டால், அவர் அதே வகை மருந்தையோ ஸ்டீராய்டு மருந்தையோ மேலும் கொடுத்துவிடக் கூடும். இரண்டும் சேர்ந்தால் வயிறு ஓட்டையாகும் அளவுக்குப் போய்விடும்.

ஜிம்மிக்கு செவ்வாய் சரியாகவில்லை. புதன் காலை மலம் தார் மாதிரி கறுப்பாக வந்தது. வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"முடிச்சிரு ஆத்தா. ஊசி போட்டுரச் சொல்லு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமாப் போச்சி" என்று பக்கத்தில் சொன்னார்கள். நாய் சும்மா வந்தது. செலவோ நூறைத் தாண்டிவிட்டது. பேரனுக்குப் பள்ளி திறப்புச் செலவு வேறு முன்னே நின்றது. மகன் வாய் திறக்கவில்லை. மருமகள்தான், "இன்னொரு எடத்துல காட்டிப் பாத்துட்டு அப்பறம் பேசலாம்" என்று அன்று வேலைக்கு மட்டம் போட்டார். பக்கத்து வீட்டுக் காரில் எண்ணெய்க் காசு 40 வெள்ளி கொடுத்துப் பாட்டியும் மருமகளும் பேரன் பேத்தியும் புறப்பட்டார்கள்.

பாட்டியின் கேள்வி

இந்த முறை சற்றுத் தொலைவில் வேறொரு கிளினிக். டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண்மணி. கையுறை மாட்டிக் கொண்டு, நாயைத் தொடும் முன்பே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். எப்போது தொடங்கியது? குதித்ததா? என்ன கொடுத்தீர்கள்? இந்த முறை பேத்தி மாத்திரைக் கதையைச் சொன்னாள். டாக்டர் ஏசவில்லை, எழுதிக் கொண்டார்.

பிறகு நாயைத் தரையில் நடக்க விட்டுப் பார்த்தார். பின்கால் கொஞ்சம் தள்ளாடியது, ஆனால் நடந்தது. முதுகெலும்பில் கழுத்தில் இருந்து வால் வரை விரலால் ஒவ்வொரு கணுவாக அழுத்திக் கொண்டே வந்தார். விலா முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில் அழுத்தியதும் ஜிம்மி சிலிர்த்துக் கத்தியது. வயிறு மறுபடி கல்லானது. பின்கால் பாதத்தைப் புறங்கை போல மடக்கி மேசை மேல் வைத்தார். நல்ல காலாக இருந்தால் நாய் உடனே நிமிர்த்தி வைத்துக் கொள்ளும். ஜிம்மி கொஞ்சம் தாமதமாக நிமிர்த்தியது.

"வயிற்று வலி இல்லை பாட்டி. முதுகு வலி. முதுகு வலிப்பதால் வயிற்றை இறுக்கிப் பிடித்துக் கொள்கிறது. வயிற்றில் இப்போது இருக்கும் தொல்லை அந்த மாத்திரையால் வந்தது" என்று மலாயில் சொன்னார். பேத்தி தமிழில் சொன்னாள்.

பத்து நிமிடத்தில், மெஷின் எதுவும் இல்லாமல், கையும் கண்ணும் கண்டுபிடித்தது அது.

அடுத்தது செலவுப் பேச்சு. இரத்தப் பரிசோதனை 150 வெள்ளி, எக்ஸ்ரே 180 வெள்ளி என்றார் டாக்டர். அதற்கு மேல் முதுகு நரம்பைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் கோலாலம்பூர்ப் பக்கம் பெரிய மருத்துவமனைக்குப் போய், மயக்க மருந்து கொடுத்து, சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படம் எடுக்க வேண்டும். அறுவைச் சிகிச்சையும் சேர்ந்தால் பல ஆயிரம் வெள்ளி ஆகும் என்றும் மறைக்காமல் சொன்னார்.

மருமகள் முகம் செத்துவிட்டது. கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக் கொண்டதாகப் பின்னால் நம்மிடம் சொன்னார்.

அப்போதுதான் பாட்டி வாய் திறந்தார். தோட்டத்து மலாயில் நேராகவே கேட்டார். அதன் பொருள் இதுதான்: "டாக்டரம்மா, இந்தப் படம் எடுத்தா, என் நாய்க்கு நீங்க செய்யப் போறது மாறுமா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சொன்னார்: "இரத்தம் பார்த்தே ஆகணும். அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கான்னு தெரியாம நான் எந்த வலி மருந்தும் குடுக்க முடியாது. உண்ணிக் காய்ச்சலும் வலியைக் கொண்டு வரும். அதுக்கான அடையாளமும் இரத்தத்துல தெரியும். ஆனா எக்ஸ்ரே இன்னிக்கு வேணாம். எலும்பு தெரியும், நரம்பு தெரியாது. நாய் இப்ப நடக்குது. நடக்கிற வரைக்கும் வைத்தியம் ஒண்ணுதான்: ஓய்வு. நடை மோசமானா அப்ப படம் எடுக்கலாம்."

ஒரே கேள்வியில் 180 வெள்ளி மிச்சம். டாக்டருக்கும் கோபம் இல்லை. தேவையான சோதனை எது, காத்திருக்கக் கூடிய சோதனை எது என்று இருவரும் பிரித்துக் கொண்டார்கள்.

இந்தக் கேள்வியைப் பாட்டி எங்கே கற்றார்? அதைக் கேட்டபோதுதான் அவர் குரல் இறங்கியது. "எங்க வீட்டுக்காரருக்கு இனிப்புநீரு. கால எடுக்கணும்னாங்க. கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். ஏன், வேற வழி இருக்கா, ஒண்ணும் கேக்கல. நாம படிக்காதவங்க, நமக்கு எதுக்குன்னு இருந்துட்டேன். அவங்க சரியாத்தான் செஞ்சிருப்பாங்க. ஆனா நான் கேட்டிருக்கணும் தம்பி. இருவது வருசமா அதான் நெஞ்சுல கெடக்குது."

கணவருக்காகக் கேட்காமல் விட்ட கேள்வியை, அந்தத் தாய் ஒரு நாய்க்காகக் கேட்டார்.

முதுகில் நடந்தது என்ன?

முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவுக்கும் நடுவில் ஒரு வட்டத் தட்டு உண்டு. வெளியே நார் மாதிரி வளையம். உள்ளே நுங்கு மாதிரி மெத்தென்ற பொருள். அதிர்ச்சியைத் தாங்குவது அதன் வேலை. குட்டைக் கால், நீள உடம்பு உள்ள நாய்களுக்கு அந்த நுங்கு இளவயதிலேயே வறண்டு சுண்ணாம்பு போல் கெட்டியாகத் தொடங்கிவிடும். பிறப்பிலேயே வரும் குறை அது. பிறகு ஒரு நாள் ஒரு சின்னக் குதியில் நார் கிழிந்து, உள்ளே இருப்பது மேலே பிதுங்கி, முதுகு நரம்பை அழுத்தும். மூன்று வயதில் இருந்து ஏழு வயதுக்குள் வருவது அதிகம். ஆகவே ஜிம்மி கோழியைத் துரத்தியது காரணம் அல்ல, சாக்கு மட்டுமே. உடம்புப் பருமன் நோய் வந்த முதுகுக்குச் சுமையைக் கூட்டும்.

அழுத்தம் குறைவாக இருந்தால் வலி மட்டும். கூடினால் நடை தள்ளாடும். இன்னும் கூடினால் பின்கால் இழுபடும். சிறுநீர் தானாகப் போகாது. கடைசியில் விரலை அழுத்திக் கிள்ளினாலும் வலி தெரியாது. முதல் இரண்டு நிலையில் உள்ள நாய்களில் பெரும்பாலானவை அறுவை இல்லாமலே ஓய்விலும் மருந்திலும் தேறிவிடும். கால் இழுபட்டுவிட்டால் அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும். உணர்வே போய்விட்டால் அறுவை செய்தாலும் பாதிக்குப் பாதி என்ற கணக்குத்தான். அறுவை செய்யாவிட்டால் நடப்பது அரிது.

ஜிம்மி இரண்டாம் நிலையில் இருந்தது. இரத்தத்தில் சிறுநீரகம் தப்பியிருந்தது. வயிற்றுப் புண்ணுக்கு மருந்தும், வயிற்றைக் கெடுக்காத நரம்பு வலி மருந்தும் கொடுத்தார்கள். மருந்துக்கு 75, பார்வைக் கட்டணம் 45, இரத்தத்துக்கு 150. மொத்தம் 270 வெள்ளி.

கோழிக்கூண்டில் நாலு வாரம்

டாக்டர் கொடுத்த பெரிய மருந்துக்குக் காசே இல்லை. குறைந்தது நாலு வாரம் கூண்டு ஓய்வு. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, படி ஏறக் கூடாது. நாய் எழுந்து நின்று திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும். கிழிந்த நார் ஆறுவதற்கு அவ்வளவு காலம் பிடிக்கும்.

மகன் பழைய கோழிக்கூண்டைக் கழுவி, ஆணி முனைகளைத் தட்டி, அடியில் சாக்கும் பழைய கைலியும் மடித்துப் போட்டார். சிறுநீர் கழிக்க மட்டும் வெளியே. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்பக்கத்தில். முதுகு தரைக்கு நேராக இருக்க வேண்டும். நடக்கும்போது அடிவயிற்றில் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கிக் கொள்ள வேண்டும். கழுத்துப் பட்டையில் இழுக்கக் கூடாது.

போகிறவர் வருகிறவர் எல்லாம், "என்னா ஆத்தா, நாய ஜெயில்ல போட்டுட்டியா?" என்று கேட்டார்கள். பத்தாம் நாள் வலி குறைந்து ஜிம்மி வாலை ஆட்டியது. பாவம் பார்த்துப் பேரன் திறந்துவிட்டான். அது வாசலில் ஒரு சுற்று ஓடிவிட்டு வீல் என்று கத்திப் படுத்தது. நாள் கணக்கு மறுபடி ஒன்றில் இருந்து தொடங்கியது.

வலி போனது வேறு, புண் ஆறியது வேறு என்பதை அந்தப் பையன் அன்று கற்றுக் கொண்டான். அதற்குப் பிறகு கூண்டுக் கதவின் கம்பியைத் தினமும் முறுக்கிப் பார்ப்பவன் அவன்தான்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பக் காட்டியதற்கு 30 வெள்ளி, மருந்து 60 வெள்ளி. நாம் போன அன்று புதுக் கணக்கில் கடைசி வாரம். துண்டைப் பிடித்து நடக்க வைத்துக் காட்டினார் பாட்டி. பின்கால் சற்றுக் கோணல்தான். ஆனால் நான்கு காலிலும் நடந்தது. இந்த நோய் திரும்ப வரக் கூடியது என்றும் டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்.

கணக்குப் பார்ப்போம்

110-ம் 270-ம் 90-ம் சேர்ந்து 470 வெள்ளி. இன்று நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் வந்த கணக்கு. மாதம் 26 நாள் என்று வைத்துக் கொண்டால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். ஆக ஜிம்மியின் முதுகு ஏழு நாள் கூலி. கார் எண்ணெயும் மருமகளின் ஒரு நாள் சம்பளமும் தனி.

சின்னத் தொகை அல்ல. ஆனால் இதில் எது வீண் என்று பாருங்கள். முதல் 110 வெள்ளியும், வயிற்றுப் புண் மருந்தும், ஒருவேளை அந்த இரத்தப் பரிசோதனையில் ஒரு பங்கும், அரை மாத்திரையால் வந்த செலவு. இருபது காசு மாத்திரை நூறு வெள்ளிக்கு மேல் இழுத்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமக்குக் காய்ச்சல் என்றால் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்துப் பார்த்துவிட்டு வருகிறோம். அதனால்தான் நாய்க்கு முந்நூறு வெள்ளி என்றதும் கொள்ளை என்று தோன்றுகிறது. நமக்கு ஆகும் மீதிச் செலவை அரசாங்கம் சுமக்கிறது. நாய்க்குச் சுமப்பவர் யாருமில்லை. முழுத் தொகையும் வளர்ப்பவர் தலையில் விழுகிறது. இரத்த மெஷின், மருந்து, கடை வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் அதில் அடக்கம். டாக்டர் எல்லாம் கொள்ளைக்காரர் என்று பேசுவதும் சரியல்ல; கேட்டதை எல்லாம் கேள்வி இல்லாமல் கொடுப்பதும் சரியல்ல.

கால்நடை சேவைத் துறையின் அரசாங்கக் கிளினிக்குகள் உண்டு. அங்கே கட்டணம் தனியாரைவிடக் குறைவு. ஆனால் அலுவலக நேரத்தில்தான் பார்ப்பார்கள். எல்லா இடத்திலும் எல்லாக் கருவியும் இருக்காது. போகும் முன் ஒரு போன் அடித்துக் கேட்டுக் கொள்வது நல்லது. பெரிய சிக்கல் என்றால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. 1972-ல் தொடங்கிய கால்நடை மருத்துவத் துறை அங்கே இருக்கிறது. மாணவர்கள் படிக்கும் இடம் என்பதால் நிபுணர்களும் உண்டு. அங்கும் செலவு உண்டு; முன்கூட்டிக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

வாய் விட்டுக் கேளுங்கள்

தோழர்களே, டாக்டர் முன் நின்றால் நமக்கு நாக்கு ஒட்டிக் கொள்கிறது. அந்தப் பாட்டியை நினைத்துக் கொண்டு இந்த ஐந்தையும் கேளுங்கள்.

ஒன்று: என்ன நோயாக இருக்கலாம், எது மிக ஆபத்து?

இரண்டு: இந்தச் சோதனை செய்தால் வைத்தியம் மாறுமா? இன்றே செய்ய வேண்டியது எது, காத்திருக்கக் கூடியது எது?

மூன்று: மொத்தம் எவ்வளவு ஆகும்? எழுதிக் கொடுப்பீர்களா?

நான்கு: என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. இதற்குள் வலியைக் குறைக்க என்ன செய்யலாம்?

ஐந்து: எதைக் கண்டால் உடனே திரும்பி வர வேண்டும்?

நான்காவது கேள்வியில் வெட்கம் வேண்டாம். கையில் இருப்பதைச் சொன்னால்தான் டாக்டரும் அதற்கேற்ற வழி சொல்ல முடியும். தவணையில் கட்டலாமா என்று கேட்பதிலும் தவறில்லை. ஆனால் ஒன்று. நாய்க்காக ஆலோங்கிடம் கை நீட்டி விடாதீர்கள். வட்டி நாயையும் காப்பாற்றாது, வீட்டையும் விடாது.

தேற வழியே இல்லை, வலியும் அடங்காது என்று டாக்டர் சொன்னால், வலியில்லாமல் ஊசி போட்டு விடை கொடுப்பது பாவம் அல்ல. பணமில்லாமல் அந்த முடிவுக்கு வருகிறவரைத் தூற்றும் உரிமை யாருக்கும் இல்லை. சாக்குப் பையில் கட்டிக் காட்டில் விடுவதுதான் பாவம். சட்டப்படி குற்றமும் கூட. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, வளர்க்கும் பிராணியை நோயிலும் வலியிலும் தவிக்க விடாமல் பார்ப்பது வளர்ப்பவர் கடமை. வதைத்தது நிரூபணமானால் 20,000 வெள்ளியில் இருந்து 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. நாம் வலி என்றால் என்ன என்று அறிந்த கூட்டம். குலை சுமந்த தோளும், குனிந்து பழம் பொறுக்கிய இடுப்பும் நம்முடையவை. அடுத்தவர் வலியை அலட்சியப்படுத்தும்போது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாததா?

புறப்படும்போது பாட்டியிடம் கேட்டோம்: "இவ்வளவு செலவு பண்ணீங்களே பாட்டி, அது இன்னும் எத்தன வருசம் இருக்கும்?"

"அது இருக்குற வரைக்கும் இருக்கட்டும்" என்றார். பிறகு கூண்டுப் பக்கம் திரும்பி, "செலவ விடுங்க தம்பி. என் பேரன் பேத்தி அன்னிக்குப் பக்கத்துல நின்னாங்க. கெழவி டாக்டரக் கேள்வி கேட்டத அதுங்க பாத்துச்சிங்க. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, அதுங்க கேக்கும்" என்றார்.

ஜிம்மி கூண்டுக்குள் எழுந்து நின்று, மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பி, மறுபடி படுத்துக் கொண்டது. உங்கள் வீட்டில் ஒரு வாயில்லா ஜீவன் இன்று கட்டிலுக்கடியில் நடுங்கிக் கொண்டிருந்தால், மாத்திரை டப்பாவைத் திறக்காதீர்கள் தோழர்களே. கதவைத் திறந்து புறப்படுங்கள். போய், வாய் விட்டுக் கேளுங்கள்.